கணக்கீட்டு வகுப்புக்குத் துப்பறியும் கதைகள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தில் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பரிசோதிக்கும் வேலையில் 29 வருடம் இருந்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது ஆரையம்பதியில் எங்கள் வீட்டு விறாந்தையில், உயர்தர வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமா படிக்கிற நாலைந்து பேருக்கும் பின்னேரங்களில் கணக்கீடு சொல்லிக்கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. உங்களிடம் ஒரு வேண்டுகோளுடன் இதை எழுதுகிறேன். உங்கள் கல்விப் பக்கத்தில் வாரம் ஒரு துப்பறியும் கதை போடுங்கள். ஒரு சங்கத்திலோ கடையிலோ காசு காணாமல் போய், அது எந்த வழியால் போனது என்பதைப் புத்தகங்களைப் புரட்டியே கண்டுபிடிக்கிற கதையாக இருக்கட்டும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

இது தொடங்கியது வழுத் திருத்தம், அதாவது கணக்குப் பதிவில் வந்த பிழைகளைத் திருத்துவது, படிப்பிக்கும்போது. பரீட்சைமீதியில், அதாவது எல்லாக் கணக்குகளின் வரவு, பற்று மீதிகளைக் கூட்டிப் பார்க்கும் பட்டியலில், இரண்டு பக்கமும் இணங்காவிட்டால் வித்தியாசத்தைத் தற்காலிகமாகத் தொங்கல் கணக்கில் போட வேண்டும், பிறகு வழுக்களைத் திருத்தி அந்தக் கணக்கை மூட வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் இதை நன்றாகச் செய்வார்கள். 5,400ஐ 4,500 என்று பதிந்தால் வித்தியாசம் 900, ஒன்பதால் பிரிபடுகிறது, அதனால் இலக்கம் இடம்மாறியிருக்கலாம் என்று என்னைவிட வேகமாகச் சொல்லுவார்கள். ஒரு நாள் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை கேட்டாள்: "மிஸ், அந்த 900 ரூபா உண்மையில எங்க போயிருக்கும்?"

29 வருடம் நான் சம்பளம் வாங்கியது அந்தக் கேள்விக்குத்தான். பாடப்புத்தகத்துக் கணக்கில் காசாளர் எப்போதும் தவறுதலாகத்தான் மாற்றி எழுதுவார். வேண்டுமென்றே மாற்றி எழுதியிருப்பாரா என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. பிள்ளைகளும் கேட்காமலே சித்தியடைந்து, வேலைக்குப் போய், ஒரு நாள் பொய் வவுச்சர் முன்னால் வந்து நிற்கும்போது கூட்டல் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சரி போட்டுவிடுகிறார்கள். பொய் வவுச்சரில் கூட்டல் எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

அதே கிழமை ஒரு பையனின் பைக்குள் இந்தியாவிலிருந்து வந்த பழைய மாத நாவல் ஒன்றைக் கண்டேன். அட்டை கிழிந்து, மூலைகள் மடிந்திருந்தன. கணக்கீட்டுப் புத்தகம் புத்தம் புதிதாக இருந்தது. என் அண்ணாவின் தலையணைக்குக் கீழும் இப்படித்தான் இருக்கும். அவர் உறங்கியதும் எடுத்து, கைவிளக்கு வெளிச்சத்தில் நானும் படித்திருக்கிறேன். அன்றிரவு நான் ஒரு கொப்பியை எடுத்து நாலு பக்கத்தில் ஒரு கதை எழுதினேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பெயர் சொல்லாத ஒரு கிராமம். ஒரு சங்கக் கடை. முகாமையாளர், காசாளர், களஞ்சியப் பொறுப்பாளர், லொறிக்காரர் என்று நாலு பேர். வருட முடிவில் 186,000 ரூபா குறைகிறது. கதையோடு சேர்த்துக் காசேட்டின் இரண்டு பக்கம், பதினொரு வவுச்சர், மூன்று வைப்புச் சீட்டு, ஒரு வங்கிக் கூற்று எல்லாம் கொடுத்தேன். எல்லாம் நானே எழுதியவை. பழைய பில் போலத் தெரிவதற்கு என் கணவர் கடதாசிகளைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துக் கொடியில் காயப்போட்டார். பதினான்கு பிள்ளைகள். விறாந்தை நிலத்தில் கடதாசிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, இரவு எட்டு மணியாகியும் எழும்பவில்லை.

ஒரு வைப்புச் சீட்டின் திகதி 2023.05.05. வங்கி முத்திரையும் குத்தியிருந்தது. அதை மூன்று பேர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். நாலாவதாக எடுத்தவள் அப்படியே வைத்துக்கொண்டு இருந்தாள்.

"மிஸ், இது பொய்ச் சீட்டு."

"ஏன் மனே?"

"அண்டைக்கு வெசாக் போயா. நாங்க கூடு பார்க்கப் போனம். பேங்க் பூட்டு."

உடனே ஒருவன் மறித்தான். "மெசினில போட்டிருக்கலாம்தானே? மெசின் போயாவுக்கும் வேலை செய்யும்." நல்ல கேள்வி. நான் வாய் திறக்கவில்லை. அவள் சீட்டைத் திருப்பிக் காட்டினாள். மெசின் துண்டு அச்சடித்து வரும். இது கையால் நிரப்பி, கவுண்டரில் முத்திரை குத்தியது. அந்தத் திகதியில் கவுண்டரில் இருந்து முத்திரை குத்த ஆள் இல்லை. மறுகா அவளே வங்கிக் கூற்றை இழுத்து, அந்தத் தொகை அதில் வரவே இல்லை என்பதையும் காட்டினாள். காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிடுகிற வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை இரண்டு தவணையாகப் படித்த பிள்ளைதான். அது எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது என்று என்னிடம் சொன்னாள்.

இன்னொரு தடயம் தச்சு வேலைப் பற்றுச்சீட்டுகளின் தொடர் இலக்கங்களில் இருந்தது. ஜனவரியில் 41, மார்ச்சில் 42, ஜூனில் 43. ஆறு மாதத்தில் அந்தத் தச்சருக்கு இந்தச் சங்கத்தைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லையா? அது மட்டுமில்லை, மூன்றும் 49,000க்கு மேலே, 50,000க்குக் கீழே. 50,000 தாண்டினால் தலைவரின் கையெழுத்து வேண்டும் என்று கதையின் முதல் பக்கத்திலேயே ஒரு வரி எழுதியிருந்தேன். அதைக் கண்டுபிடிக்க அவர்கள் கதையை மூன்றாம் தரமும் வாசிக்க வேண்டியிருந்தது.

இவையெல்லாம் நான் கற்பனை செய்தவை போலத் தோன்றும். நான் எழுதுகிற கதைகளில் தடயங்கள் மட்டும் கற்பனை இல்லை. 2011 ஜனவரி வெள்ளத்தை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கடுத்த வருடம் ஒரு சங்கத்தின் வவுச்சர் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ள நாட்களில், உழவு இயந்திரத்தில் அரிசி மூட்டை ஏற்றி, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மண்முனை வழியாக வாவிக்கு அங்கால் கொண்டுபோனதாக ஏற்றுக்கூலி வவுச்சர் ஒன்று. கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது, கூட்டல் சரி. மண்முனைப் பாலம் திறந்தது 2014இல். அதற்கு முன் அங்கே பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் வாகனங்கள் வாவியைக் கடக்கும். அந்த நாட்களில் பாதை ஓடவில்லை. எங்கள் பெரியம்மாவின் சாவீட்டுக்குப் போக வழியில்லாமல் நான் இக்கரையிலேயே நின்று அழுத நாள் அது. அதனால் அந்தத் திகதி எனக்கு மனப்பாடம். அந்த ஒரு வவுச்சரில் தொடங்கி, அதே கையெழுத்தில் இருபதுக்கு மேல் வந்தன. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் எவ்வளவு படித்திருந்தாலும் அந்த வவுச்சரைத் தாண்டிப் போயிருப்பார். எங்கள் பிள்ளைகளுக்கான கதை எங்கள் ஊரில் நடக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். தடயம் மண்ணிலும் மழையிலும் வேளாண்மை வெட்டுக் காலத்திலும் இருக்கிறது.

சரி, இனி எனக்கு முக்கியமானதைச் சொல்கிறேன்.

அந்த முதல் கதையில் குற்றவாளி யார் என்று, கடதாசிகளைப் பரப்புவதற்கு முன்பே ஒரு துண்டில் எழுதித் தரச் சொன்னேன். பதினான்கு பேரில் ஒன்பது பேர் களஞ்சியப் பொறுப்பாளரின் பெயரை எழுதினார்கள். அவர் குடிப்பவர், ஊரெல்லாம் கடன் என்று நான் எழுதியிருந்தேன். அவருக்கு எதிராக ஒரு கடதாசியில்கூட ஒரு வரி இல்லை. துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் இது, வாசகனின் கண்ணை வேறு பக்கம் இழுப்பது. ஆனால் கணக்காய்வு படிக்கிற பிள்ளைக்கு இதைப்போல ஒரு பாடம் கிடையாது. விடையைப் பார்த்த பிறகு ஒரு பையன் தன் துண்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிக் கிழித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அந்தப் பாடம் கிடைத்த விதம் வேறு. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு சங்கத்தின் களஞ்சியத்தில் நாற்பது மூட்டை நெல் குறைகிறது என்று அறிக்கை எழுதினேன். மூட்டைகளை நானே எண்ணினேன், இரண்டு தரம். பொறுப்பாளரை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். அவரைப் பற்றி ஊரில் ஏற்கெனவே கதை இருந்தது, அதனால் யாரும் மேலே கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு வேறொரு வேலையாக அதே புத்தகங்களைப் புரட்டியபோது கண்டேன், ஒரே லொறிச் சுமையை இருப்புப் பதிவேட்டில் இரண்டு தரம் வரவு வைத்திருக்கிறார்கள். ஒன்று சீட்டு இலக்கத்தோடு, மற்றது இலக்கம் இல்லாமல். களஞ்சியத்தில் நெல் குறையவே இல்லை. புத்தகத்தில்தான் கூடியிருந்தது. அன்றே எழுதிக் கொடுத்தேன். அவரை மீண்டும் வேலைக்கு எடுத்தார்கள், நிலுவைச் சம்பளமும் கொடுத்தார்கள். ஆனால் அந்த மனுசன் அதற்குப் பிறகு கோயில் சடங்குக்கு வந்ததை நான் காணவில்லை. அவர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வைகாசியில் எங்கள் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை படிக்கும்போது நான் ஒவ்வொரு வருடமும் அந்த மனுசனைத்தான் நினைப்பேன். காணாமல் போனது அரசியின் சிலம்பு. கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்தது. களவெடுத்த தட்டானே வந்து கள்ளனைக் காட்டிக்கொடுத்தான். அரசனுக்கு அது போதுமாக இருந்தது. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. கோவலன் உயிரோடு இருக்கும்போது அந்த ஒரு நிமிடத்தை யாரும் செலவழிக்கவில்லை. பிள்ளைகளுக்கு இதை நான் சொன்னபோது, சின்ன வயதிலிருந்து அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள், முதல்தரம் கேட்பதுபோலக் கேட்டார்கள். ஒருத்தி சொன்னாள்: "அப்ப தட்டான்ட வாக்குமூலத்த முதல்ல செக் பண்ணியிருக்கணும், மிஸ்." ஓம், அதுதான். குற்றத்தை முதலில் வந்து சொல்பவருக்கும் காணாமல் போன பொருளுக்கும் என்ன தொடர்பு என்று பார்க்க வேண்டும். கண்ணகியைக் கும்பிடுகிற மண்ணில் தடயவியல் கணக்காய்வை, அதாவது மோசடியைக் கணக்குகளில் தேடிக் கண்டுபிடிப்பதை, புதிதாக விளங்கப்படுத்தத் தேவையில்லை என்றே எனக்குப் படுகிறது.

கதையால் வருகிற இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டாவது கதையில் ஒரு காசாளரை வைத்தேன். பன்னிரண்டு வருடமாக ஒரு நாள்கூட லீவு எடுக்காதவர், எல்லோருக்கும் பிடித்தவர். கடனுக்குச் சாமான் வாங்கிய ஒருவர் 12,000 கட்டுகிறார். அந்தக் காசு காசாளரின் பைக்குள் போகிறது. அடுத்த கிழமை இன்னொருவர் 15,000 கட்டுகிறார். அதில் 12,000ஐ முதலாமவரின் பெயரில் வரவு வைத்து, மிச்சம் 3,000ஐ இரண்டாமவரின் பெயரில் எழுதுகிறார். மூன்றாமவர் 20,000 கொண்டுவந்தால் இரண்டாமவரின் ஓட்டை அடைபடும், மூன்றாமவர் கணக்கில் 12,000 ஓட்டை விழும். ஓட்டை ஒருபோதும் மூடாது, ஆள் மாறி ஆள் கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும். அவர் ஒரு நாள் வராவிட்டால் வேறு ஒருவர் அந்தக் கதிரையில் இருப்பார், கடனுக்கு வாங்கிய ஒருவர் வந்து தன் கணக்கின் மீதியைக் கேட்பார், எல்லாம் வெளியில் வந்துவிடும். அதனால்தான் காய்ச்சலோடும் வந்தார். பற்றுச்சீட்டுப் பிரதியில் உள்ள திகதியையும் பேரேட்டில் வரவு வைத்த திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏழெட்டு நாள் பிந்தி நிற்கும். பிள்ளைகள் அதைப் பிடித்தார்கள். பிடித்த பிறகு சந்தோசப்படவில்லை. அவர் முதலில் எடுத்தது தாயின் சத்திரசிகிச்சைக்கு என்று கதையில் இருந்தது. "திருப்பி வைக்கத்தானே நினைச்சார்" என்றான் ஒருவன்.

டொனால்ட் கிரெசி என்ற அமெரிக்க ஆய்வாளர் சிறையில் இருந்த இப்படிப்பட்டவர்களிடமே பேசி, 1953இல் எழுதினார். வெளியில் சொல்ல முடியாத பணநெருக்கடி, யாரும் பார்க்காத ஒரு வாய்ப்பு, கடனாகத்தானே எடுக்கிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம், இந்த மூன்றும் சேரும் இடத்தில் நம்பிக்கையான ஆள் காசில் கைவைக்கிறார் என்பது அவர் கண்டது. இதை மூன்று வரியாகக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டு மறந்துவிடுவார்கள். அந்தக் காசாளரை அவர்கள் மறக்கவில்லை. இப்போதும் யாராவது லீவே எடுப்பதில்லை என்று கேள்விப்பட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

இது நான் கண்டுபிடித்த முறை இல்லை. அமெரிக்காவில் கணக்கியல் பேராசிரியர்களே துப்பறியும் நாவல் எழுதி, பாடநூலோடு சேர்த்து வகுப்பில் படிக்கவைத்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அங்கே அதற்கு ஏற்ற கதையும் உண்டு. சிக்காகோவின் குண்டர் தலைவன் அல் கபோனைத் துப்பாக்கிக் குற்றங்களுக்காகப் பிடிக்க முடியவில்லை. ஒரு சோதனையில் அள்ளி வந்த சூதாட்டப் பேரேடு வருடக்கணக்கில் அலுமாரியில் கிடந்தது. அதிலுள்ள கையெழுத்தை வைத்து எழுதிய கணக்காளரைத் தேடிப் பிடித்தார்கள். 1931இல் வரி ஏய்ப்புக்காக 11 வருடச் சிறை. பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். ஆனால் சிக்காகோ அவர்களுக்குத் தூரம்.

மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தின் தடயவியல் கணக்காய்வு அறிக்கைகள் 2020 ஜனவரியில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அந்தச் சொல் பத்திரிகைகளில் வந்தது. அது மத்திய வங்கிக்கும் பெரிய கம்பனிகளுக்கும் உரிய விடயம் என்றே எங்கள் ஆட்கள் நினைத்தார்கள். என் விறாந்தைக்கு வருகிற பெண்களைப் பார்த்தால் அப்படி நினைக்க முடியாது. நுண்நிதிக் கடன் கட்டிய புத்தகத்தோடு வருகிறார்கள். கிழமைக்குக் கிழமை கட்டியிருக்கிறார்கள், ஆனால் இரண்டு கிழமைக்குக் கையெழுத்து இல்லை, மீதி குறையவில்லை. மாதர் சங்கம், மரணாதாரச் சங்கம், கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கம் என்று ஒவ்வொரு ஊரிலும் எத்தனை காசேடு! அவற்றைப் பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை ஊருக்கு ஒன்று இருந்தால் எத்தனை பேரின் காசு தப்பும், எத்தனை பேரின் மானம் தப்பும்.

கடைகளில் கிடைக்கிற துப்பறியும் நாவல்களை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. அவற்றில் கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி தானே ஒப்புக்கொண்டுவிடுவான். நிசத்தில் அப்படி நடப்பது குறைவு. மூலப் பிரதி எங்கே இருந்தது, யார் எடுத்தார், யார் கைக்குப் போனது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், வழக்கறிஞர் குறுக்குக்கேள்வி கேட்டாலும் நிற்க வேண்டும். எங்கள் கதைகளில் அந்தச் சலிப்பான பகுதியும் இருக்கட்டும். பிள்ளைகள் சலிக்க மாட்டார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

இதை எழுதக்கூடியவர்கள் கிழக்கில் இருக்கிறார்கள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் வர்த்தக, முகாமைத்துவப் பீடங்கள் உள்ளன. கல்முனையிலும் காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் களுவாஞ்சிகுடியிலும் நல்ல சிறுகதை எழுத்தாளர்கள் உள்ளார்கள். கணக்குத் தெரிந்தவரும் கதை தெரிந்தவரும் ஒரே மேசையில் இருந்தால் போதும். கடலோரத்தில் ஐஸ் கட்டிக் கணக்கு, சம்மாந்துறை நெல் ஆலைக் கணக்கு, கோயில் உண்டியல் கணக்கு, பள்ளிவாசல் சந்தாக் கணக்கு, எத்தனையோ கதை இருக்கிறது. ஒரு வாரம் கதையும் கணக்குப் பக்கமும், அடுத்த வாரம் விடையும் என்று போட்டால் ஆசிரியர்கள் அதை வெட்டி வகுப்புக்குக் கொண்டுபோவார்கள்.

முதல் கதையை இத்துடன் அனுப்புகிறேன், காசேட்டுப் பக்கங்களையும் சேர்த்து. என் பெயரைப் போட வேண்டாம். அந்தச் சங்கங்களில் வேலை செய்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். விடையைத் தனி உறையில் வைத்து ஒட்டியிருக்கிறேன். தயவுசெய்து முதலில் வைப்புச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, உங்கள் சந்தேகம் யார் மேல் என்று ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் உறையைத் திறவுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கணக்காய்வு உத்தியோகத்தர்,
ஆரையம்பதி.